முழங்காலுக்குக் கீழே கால் எடுத்து 24 நாள் ஆகிறது. செயற்கைக் கால் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

நிலக்கோட்டை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 58, பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியற்காலை மூன்று மணிக்கே டார்ச் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பூப்பறிக்க இறங்கிவிடுவார், செருப்போடு செடிக்குள் போகக் கூடாது என்று ஒரு எண்ணம். ஆவணியில் இடது பாதத்தில் முள் ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். முதலில் இரண்டு விரல், அப்புறம் பாதிப் பாதம், கடைசியில் முட்டிக்குக் கீழே ஆறு அங்குலம் விட்டு எடுத்துவிட்டார்கள். இன்றோடு 24 நாள். தையல் பாதி பிரித்தாகிவிட்டது, வெளி ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் இன்னும் ஈரம் கசிகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது "காயம் ஆறட்டும், அப்புறம் கால் போட்டுக்கலாம்" என்றார்கள். அவ்வளவுதான். க்ரேப் பேண்டேஜ் ஒன்று கொடுத்து, எப்படிச் சுற்றுவது என்று நர்ஸ் அவசரமாக ஒரு தடவை காட்டினார், எங்களுக்குப் பிடிபடவில்லை. நாங்கள் சுற்றினால் அரை மணியில் சாக்ஸ் மாதிரி நழுவி விழுகிறது.

அம்மா அவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே படுக்க வைக்கிறார், அது சரியா? ராத்திரியானால் "கட்டைவிரல் மடங்கிக் கிடக்கு, நிமிர்த்தி விடு" என்கிறார். எந்தக் கட்டைவிரல்? அந்தக் கால்தான் இல்லையே. முதல் தடவை கேட்டபோது எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது, மயக்க மருந்து மூளையைத் தொட்டுவிட்டதோ என்று.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒருவர் கார்டு கொடுத்தார். கார்பன் ஃபைபர் பாதம், ஒரு லட்சத்து எழுபதாயிரம், இந்த மாதமே பாதிப் பணம் கட்டினால் தள்ளுபடி என்று தினமும் போன் செய்கிறார். எந்தக் கால்தான் வாங்குவது? தை கடைசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இதுவரை என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "தாரை வார்க்கும்போது நான் நின்னு செய்வேனா?" என்பதுதான். நான் என்ன பதில் சொல்ல? பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நாட்டியக்காரர் சுதா சந்திரன் செயற்கைக் காலோடு ஆடவில்லையா என்கிறார்கள். அவருக்கு 16 வயதில் கால் போனது, அப்பாவுக்கு 58. அப்பா பரதம் ஆட வேண்டாம், வாசற்படி இறங்கினால் போதும்.


ஒற்றைச்செருப்பு:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தலையணையை உருவுங்கள். இன்றைக்கே.

நான் சேலம், லாரி ஓட்டினேன், 2017-இல் வலது கால் போனது, உங்கள் அப்பா மாதிரியே முட்டிக்குக் கீழே. எனக்கும் என் அம்மா பாசமாகத் தலையணை வைத்தார். மூன்று வாரம் அப்படியே மடக்கிப் படுத்துக் கிடந்தேன், சொகுசாகத்தான் இருந்தது. அப்புறம் கால் அளவு எடுக்கப் போனால் அங்கிருந்தவர் முட்டியை நிமிர்த்தச் சொன்னார், நிமிரவில்லை. நான் நிமிர்த்திவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் காலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு தேங்காயே உருளும் போல இடைவெளி. பின்பக்கத் தசை சுருங்கி இறுகிவிட்டது. அதை நிமிர்த்த நான்கு மாதம் பிசியோதெரபி, ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு. கால் வெட்டிய வலிகூட அவ்வளவு இல்லை. அதனால் கட்டிலில் படுத்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் முட்டி நீட்டியே இருக்க வேண்டும். சக்கர நாற்காலி இருந்தால் ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை அறுத்து வாங்கி, மெத்தைக்கு அடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி சொருகுங்கள், அதன் மேல் அந்தக் காலை நீட்டி வைக்கட்டும். தொங்கப் போட்டால் வீக்கமும் வரும், மடங்கவும் செய்யும்.

அடுத்தது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்திருக்கும்போது கால் இல்லை என்பது மறந்துவிடும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே மறந்துவிடும், தூக்கத்தில் மூளைக்கு இரண்டு காலும் இருக்கிறது. நான் ஐந்தாவது வாரம் நேராக அந்தக் காலையே ஊன்றி இறங்கி, தையல் போட்ட முனை தரையில் இடித்து, ஆறின காயம் வாய் பிளந்துவிட்டது. அதற்கப்புறம் என் வீட்டுக்காரி கட்டிலின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைப்பாள். இறங்கப் போனால் கை நாற்காலியில் இடிக்கும், ஞாபகம் வந்துவிடும். ஒரு பாட்டிலும் பக்கத்தில் வைத்துவிடுங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம், சின்ன விளக்கு எரியட்டும்.

பேண்டேஜை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், அப்போதுதான் வீக்கம் வடியும்.

அந்த வராந்தா ஆளுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். காயம் ஆறாத காலுக்கு அட்வான்ஸ் வாங்குகிறவன் நாளைக்கு அந்தக் கால் கடித்தால் போன் எடுக்க மாட்டான். எனக்கு அந்த அனுபவம் உண்டு, பெயர் வேண்டாம்.


கால் வார்ப்பவன்:

நான் செயற்கை அவயவம் செய்கிற வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். ஒற்றைச்செருப்பு அண்ணன் சொன்னதில் தலையணை, நாற்காலி, அட்வான்ஸ் மூன்றும் நூற்றுக்கு நூறு சரி. பேண்டேஜ் விஷயத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன், ஏனென்றால் "இறுக்கிக் கட்டுங்கள்" என்று சொல்லித்தான் பாதிப் பேர் காலைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இறுக்கம் அடியில் இருக்க வேண்டும், மேலே வர வர தளர வேண்டும். மேலே இறுகி அடியில் தளர்ந்திருந்தால் மேலே கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும், நீரெல்லாம் முனைக்கு இறங்கி உருண்டு நிற்கும். மிச்சமிருக்கிற கால் வாழைப்பூ மாதிரி மெல்லக் கூம்பி வர வேண்டும், சுரைக்காய் மாதிரி அடி பருத்துவிட்டால் எந்த சாக்கெட்டுக்குள்ளும் (செயற்கைக் காலில் மிச்சக் கால் நுழைகிற கூடு) நுழையாது. அப்புறம் வட்டமாகச் சுற்றவே கூடாது. எட்டு வடிவம். நான்கு அங்குல அகலப் பேண்டேஜ் எடுத்து, முட்டிக்குக் கீழே முன்பக்கம் தொடங்கி, சாய்வாக இறக்கி முனையை மூடி, பின்பக்கமாகச் சாய்வாக ஏற்றி, மறுபடி சாய்வாக இறக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி வாருங்கள். உங்களுக்கு நழுவுவதற்குக் காரணம் முட்டிக்குக் கீழேயே முடித்துவிடுகிறீர்கள். முட்டிக்கு மேலே தொடையில் இரண்டு சுற்றுத் தளர்வாகப் போட்டு அங்கே முடிக்க வேண்டும், முட்டிச் சில்லு மட்டும் திறந்திருக்கட்டும். ஒன்று பற்றாது, இரண்டு பேண்டேஜ் ஆகும். கொக்கியும் ஊக்கும் வேண்டாம், சர்க்கரைக்காரருக்குக் குத்தினாலும் தெரியாது, பிளாஸ்திரி ஒட்டுங்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். வலி கூடினாலோ, முனை நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவருக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடருங்கள். துவைத்தால் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாய் மேல் விரித்துக் காய வையுங்கள், தொங்கினால் இழுவை போய்விடும்.

இதெல்லாம் ஏன் என்றால், பாதமும் குழாயும் பெட்டியில் வரும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சாக்கெட் மட்டும் உங்கள் அப்பாவின் காலில் பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்து வார்ப்பது. நனைத்த உறையைக் காலில் மாட்டி, எலும்பு துருத்துகிற இடமெல்லாம் அழியாத பென்சிலால் குறித்து, மேலே பிளாஸ்டர் சுற்றி, உறைந்ததும் உருவி, அதற்குள் சாந்து ஊற்றிக் காலின் படிவம் எடுத்து, அதைச் செதுக்கி, அதன் மேல்தான் சாக்கெட் வரும். உடல் எடை முனையில் விழும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. முட்டிச் சில்லுக்குக் கீழே தொட்டால் கெட்டியான நாண் ஒன்று தெரியும், பெரும்பங்கு அங்கேதான் தாங்கும், மீதி சுற்றிலும் தசையில் பரவும். வெளிப்பக்கம் முட்டிக்குக் கீழே துருத்துகிற சின்ன எலும்பிலும், முன்னால் கணைக்கால் எலும்பின் நுனியிலும் அழுத்தம் விழாமல் இடம் விட்டுச் செதுக்குவோம். இப்போது வீங்கியிருக்கிற காலுக்கு இன்றைக்கே வார்த்தால் அடுத்த மாதம் உலக்கை உரலில் ஆடுகிற மாதிரி லொடலொடவென்று ஆடும். அந்த ஒன்று எழுபது தண்டம்.

ஆகவே ஒரு தையல் டேப் வாங்குங்கள். முட்டியிலிருந்து கீழே இரண்டு அங்குலத்தில் ஒரு கோடு, நான்கு அங்குலத்தில் ஒரு கோடு, காலையில் பேண்டேஜ் அவிழ்த்ததும் அந்த இரண்டு இடத்திலும் சுற்றளவை எடுத்து காலண்டரில் குறித்து வையுங்கள். தினமும் குறைந்துகொண்டே வரும். ஒன்றிரண்டு வாரம் அப்படியே நின்றுவிட்டால், காயமும் முழுக்க மூடியிருந்தால், அச்செடுக்க வரலாம். விபத்தில் போன கால் என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தயாராகிவிடும், சர்க்கரைக் கால் என்றால் மூன்று மாதம்கூட ஆகும். முதலில் போடுவது தற்காலிகக் கால், அதில் நடக்க நடக்க இன்னும் வற்றும், இடைவெளிக்குக் காட்டன் சாக்ஸ் ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவோம். ஒரு வருடம் வரைக்கும் வற்றிக்கொண்டேதான் இருக்கும், அப்புறம்தான் நிரந்தரக் கால்.

கல்யாணத்துக்கு நிற்பாரா என்றால், ஈரம் கசிகிற அந்த ஓரம்தான் பதில் சொல்ல வேண்டும். நடப்பார் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க செயற்கைக் கால் தேவையே இல்லை, அதற்கு வலது காலும் இரண்டு கையும் போதும். அதை இப்போதே ஆரம்பிக்கலாம்.


பாட்டிவைத்தியம்77:

எதற்கு இவ்வளவு தலைவலி? எங்கள் பக்கத்தில் ஒரு மூலிகை எண்ணெய் தருகிறார்கள். கசிகிற இடத்தில் தடவி வெற்றிலை வைத்துக் கட்டினால் பத்தே நாளில் காய்ந்துவிடும். மடங்கின காலும் நிமிரும். தேவைப்பட்டால் தனிச்செய்தியில் நம்பர் தருகிறேன்.


மதுரை மருமகள்:

பாட்டிவைத்தியம், கோபித்துக்கொள்ள வேண்டாம், திறந்த காயத்தில் எண்ணெயும் இலையும் வைத்துத்தான் என் மாமனாருக்கு இரண்டாவது தடவை ஆபரேஷன் நடந்தது. முட்டிக்குக் கீழே இருந்தது முட்டிக்கு மேலே போய்விட்டது. முட்டி இருந்தால் நடை ஒரு மாதிரி, முட்டி போனால் அது வேறு உலகம். மூச்சு வாங்கும், இரண்டு தெரு தாண்ட முடியாது. மகளே, கசிகிற இடத்தில் டாக்டர் சொன்ன மருந்து தவிர எதையும் விடாதீர்கள். சீழ், காய்ச்சல், சிவந்து சூடாக இருப்பது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் ஓடுங்கள். முழுக்க ஆறிய பிறகு தழும்பைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்தி உருட்டி விடலாம், தோல் எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும், அதற்கு எண்ணெயே வேண்டாம்.

நான் வேறு சில விஷயம் சொல்கிறேன். அழுகின பாதம் போனதும் உடம்பில் கிருமி குறைந்து சர்க்கரையும் சட்டென்று இறங்கும். ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட அதே அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டிருந்தோம், ஒரு நாள் மாமா காலையில் வேர்த்து விறுவிறுத்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார், சர்க்கரை 52. டோஸை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காயம் ஆற வேண்டுமானால் சாப்பாட்டில் முட்டை, மீன், பயறு இருக்க வேண்டும், "சர்க்கரைக்காரர்" என்று இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினால் எப்படி ஆறும்? பீடி குடிப்பவர் என்றால் அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

எல்லோரும் போன காலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருக்கிற கால்தான் முக்கியம். இப்போது முழுப் பாரமும் வலது காலில், அதிலும் உணர்ச்சி இல்லை, இல்லையா? தினமும் ராத்திரி உள்ளங்காலை நீங்கள் பாருங்கள், அவர் பார்த்தேன் என்று சொல்வதை நம்பாதீர்கள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம். எம்.சி.ஆர். செருப்பு (உணர்ச்சி குறைந்த பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது) வாங்கி வீட்டுக்குள்ளும் போடச் சொல்லுங்கள். தோட்டத்தில் வெறுங்கால் என்பது இனிமேல் கிடையவே கிடையாது.

கக்கூஸ் இந்தியன் டைப் என்றால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்குங்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பைப்பைப் பதித்துவிடுங்கள், கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான்.


கிணற்றடி (யாழ்ப்பாணம்):

தங்கச்சி, நான் எழுதுவது அந்தக் கட்டைவிரலைப் பற்றி. அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை. எனக்கு 1996-இல், இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் மிதிவெடி. அப்போது எனக்கு 19 வயது. இன்றைக்கும் மழை வர முதல் இல்லாத காலின் சின்னவிரல் சொறியும். சொறியிற இடத்தைச் சொறிய முடியாதது எவ்வளவு பெரிய கரைச்சல் என்று அனுபவிச்சவைக்குத்தான் தெரியும்.

அப்பா சொல்லும்போது "அங்கை ஒன்றும் இல்லையே" என்று மறுத்துச் சொல்லாதேங்கோ. அவருக்கும் தெரியும் இல்லையென்று. அவர் கேட்கிறது நீங்கள் நம்பவேணும் என்றுதான். நான் செய்தது, மிச்சக் காலைக் கையால் தட்டிக்கொடுக்கிறது, துவாயால் மெல்லத் தேய்க்கிறது, மெல்ல அழுத்தித் துணி சுற்றுகிறது. நாளுக்கு நாலைந்து தரம் தட்டித் தேய்க்கத் தேய்க்கத் தோலுக்கும் பழகும், பொய்க்கால் போடேக்கை கூசாது. காயம் ஆறாத இடத்தை மட்டும் விட்டுவிடுங்கோ.

பிறகு கண்ணாடி. அலுமாரிக் கண்ணாடி அளவுக்கு ஒன்றை எடுத்து இரண்டு காலுக்கும் நடுவிலே நெடுக்காக நிறுத்தி, நல்ல கால் கண்ணாடியில் தெரியிற மாதிரி இருத்துங்கோ. இல்லாத பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மறைஞ்சிருக்கும். இப்ப பார்த்தால் இரண்டு காலும் இருக்கிற மாதிரி இருக்கும். நல்ல காலின் கட்டைவிரலை மெல்ல மடக்கி நிமிர்த்தச் சொல்லுங்கோ, கண்ணை எடுக்காமல். ஒரு கால் மணி நேரம். எனக்கு முதல் நாள் அழுகை வந்தது, இரண்டாம் கிழமைதான் விரல் விரிஞ்சது.

இன்னொன்று, ஒரு கால் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கவேண்டாம். இது எனக்கு எட்டாவது. இங்கை 1987 முதல் இருக்கிற ஜெய்ப்பூர் நிலையத்தில்தான் எல்லாம் செய்தது. ஒவ்வொரு முறையும் புதுக்கால் முதல் கிழமை அந்நியம்தான், பிறகு அதுவும் வீட்டாள் மாதிரி.


கால் வார்ப்பவன்:

கிணற்றடி அக்கா சொன்ன கண்ணாடி முறையைக் கொண்டுவந்தவர் நம் வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வெளிநாடு போனவர். 1990-களில் செய்தது. பிறகு அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் செய்து பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள், கண்ணாடி பார்த்த குழுவுக்கு நான்கு வாரத்தில் வலி குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிக்குச் செலவில்லை, பக்க விளைவும் அதிகமில்லை, முயற்சி செய்யலாம். தூங்கவே முடியவில்லை என்றால் நரம்பு வலிக்கென்று மாத்திரைகள் இருக்கின்றன, வெறும் வலி மாத்திரை இதற்குப் பெரிதாக வேலை செய்யாது, டாக்டரிடம் "இல்லாத இடத்தில் வலிக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

எந்தக் கால் என்று கேட்டிருந்தீர்கள். தோட்டத்துக்காரர், சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர், கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடக்கிறவர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெய்ப்பூர் பாதம்தான். 1968-இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே.சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்தது. ரப்பர், பாதம் மாதிரியே நிறமும் விரலும் இருக்கும், சேற்றில் நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். கனம் கொஞ்சம் கூட. கார்பன் பாதம் மட்டமில்லை, ஆனால் அது வேகமாக நடக்கிற, ஓடுகிற ஆளுக்குத்தான் முழுப் பலன் தரும். பாதத்தில் போடுகிற காசைவிட சாக்கெட்டை யார் செய்கிறார் என்பதில் கவனம் வையுங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபப்படக் கூடாது.

அரசிலேயே வழி இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிய மறுவாழ்வுப் பிரிவு. அவரே 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடி டாக்டர் வேலை பார்த்தவர். உங்களுக்குப் பக்கமாக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செயற்கை அவயவப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதோடு யூ.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சலுகைகளுக்கு ஊனம் 40 சதவீதம்தான் குறைந்தபட்சம், முட்டிக்குக் கீழே போனால் அதைத் தாண்டிவிடும். அட்டை கையில் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பேசலாம்.


நிலக்கோட்டை மகள்:

எல்லோருக்கும் பதில் எழுத வார்த்தை இல்லை. தலையணையை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன், அம்மாவுக்கு என் மேல் கோபம், "மனசாட்சி இல்லாதவள்" என்றார். ஒற்றைச்செருப்பு அண்ணன் எழுதின தேங்காய் விஷயத்தைப் படித்துக் காட்டின பிறகுதான் அடங்கினார்.

ஒரு சந்தேகம். பிசியோதெரபி வாரம் ஒரு நாள்தான் போக முடிகிறது, வண்டிச் செலவே 900 ஆகிறது. வீட்டில் என்ன செய்யலாம்?


கால் வார்ப்பவன்:

பிசியோ சொல்லிக் கொடுத்ததை மாற்ற வேண்டாம். பொதுவாக மூன்று விஷயம். குப்புறப் படுக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிடம், தலையணை இல்லாமல், முகத்தைக் கால் போகாத பக்கம் திருப்பி வைத்து. இடுப்பு மடங்கி இறுகாமல் இருப்பதற்கு இது. அப்புறம் மல்லாக்கப் படுத்து, முட்டியின் பின்பக்கம் பாயைத் தொடுகிற மாதிரி அழுத்தி ஐந்து எண்ணி விட வேண்டும், பத்து தடவை. கைக்கு, நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பது. இதய நோய் இருந்தால் கேட்டுவிட்டு. முட்டி மிஞ்சியவர் செயற்கைக் காலில் நடக்கவே முன்பைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாகவும், ரத்தக்குழாய் பிரச்சினை உள்ளவருக்கு அதைவிடக் கூடுதலாகவும் சக்தி செலவாகும், இப்போது கட்டிலிலேயே கிடந்தால் கால் வந்தாலும் நடக்கத் தெம்பு இருக்காது.


ஒற்றைச்செருப்பு:

குப்புறப் படுக்கச் சொன்னால் திட்டுவார். டி.வி.யை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். நான் முழு ஐ.பி.எல். சீசனையும் குப்புறப் படுத்தே பார்த்தேன்.


நிலக்கோட்டை மகள் (ஏழு வாரம் கழித்து):

சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், பனியில் பூ வரத்து குறைவு, ஆனாலும் தோட்டத்தை நானும் தங்கச்சியும்தான் பார்க்கிறோம்.

காயம் முழுக்க மூடிவிட்டது. அந்த ஓரம் மட்டும் ஐந்து வாரம் இழுத்தது. முட்டி நேராக நிற்கிறது. காலண்டரில் நான்கு அங்குலக் கோட்டில் முதல் நாள் 34 சென்டிமீட்டர், இப்போது பதினோரு நாளாக 29-லேயே நிற்கிறது. வருகிற புதன்கிழமை அச்செடுக்க வரச் சொல்லிவிட்டார்கள், அரசு மையத்தில்தான். வராந்தா ஆள் போன் செய்வதை நிறுத்திவிட்டார். கட்டைவிரல் இன்னும் ராத்திரியில் மடங்குகிறது, ஆனால் தினமும் இல்லை. அப்பா கண்ணாடியை "சினிமா" என்கிறார், சாப்பிட்டுவிட்டு "என் சினிமாவைப் போடு" என்பார்.

இரண்டு தடவை ராத்திரி நாற்காலியில் கை இடித்திருக்கிறது. அண்ணனுக்கு அதற்காகவே ஒரு முழம் மல்லி கட்டித் தர வேண்டும்.

கல்யாணத்துக்குள் கால் வருமா என்று தெரியாது. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடம் நின்றார், தங்கச்சி கடிகாரம் பார்த்தாள். தாரை வார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஐயரிடம் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், எங்களுக்குத் தெரியாமல்.

ஒரே ஒரு கேள்வி. எம்.சி.ஆர். செருப்பு வாங்கப் போனோம். கடைக்காரர் "ஒரு கால்தானே, வலதை மட்டும் தரட்டுமா, பாதி விலை போட்டுக்கிறேன்" என்று நல்ல மனசோடுதான் கேட்டார். அப்பா "ஜோடியாவே குடுங்க" என்று சொல்லிவிட்டார். இடது செருப்பு இப்போது கவரோடு ஆணியில் தொங்குகிறது. செயற்கைப் பாதத்துக்கு ஒரு நம்பர் பெரிதாக வாங்கியிருக்க வேண்டுமோ? மாற்ற இன்னும் நான்கு நாள் இருக்கிறது.


கால் வார்ப்பவன்:

மாற்ற வேண்டாம், வலதுக்கு என்ன நம்பரோ அதே நம்பர் பாதம்தான் போடுவோம். பின்னால் வார் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வார் இல்லாத செருப்பு அந்தக் காலில் நிற்காது, அவருக்குத் தெரியாமலே கழன்று பின்னால் கிடக்கும். புதன்கிழமை போகும்போது இரண்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், குதி உயரத்தை வைத்துத்தான் காலின் உயரம் பார்ப்பார்கள்.


நிலக்கோட்டை மகள்:

வார் இருக்கிறது. இரண்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.